“ஸ்டெபிலைஸ் செய்தது” என்று வந்த மேப்பிள் கட்டை: அறுப்பதற்கு முன் எடை போடுங்கள்

கத்திக் கைப்பிடிக்கு அலைவரி மேப்பிள் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டெபிலைஸ் என்றால் மரத்துளைகளில் ரெசின் என்ற திரவப் பிசினை ஏற்றி இறுக்குவது. “முழுக்க ஸ்டெபிலைஸ் செய்தது” என்று இணையத்தில் விற்ற 4 கட்டைகளில் 3 கட்டைக்கு ரெசின் மேல்தோலோடு நின்றுவிட்டது. பணம் திரும்பவில்லை. அறுத்த மரத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்பது விற்றவரின் விதி. அறுக்காமல் உள்ளே இருப்பது தெரியாது. விதி எழுதியவருக்கு மரம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால் அறுக்காமலும் பாதி உண்மை தெரிந்துவிடும், ஒரு சமையல் தராசு போதும். கட்டை 120 × 40 × 25 மி.மீ., அதாவது 120 கன செ.மீ. காய்ந்த கடின மேப்பிள் கன செ.மீட்டருக்கு 0.65 முதல் 0.7 கிராம், ரெசின் ஏறாத கட்டை 80 கிராம் பக்கம் வரும். மரத்தின் செல்சுவர் மட்டும் தனியாக என்றால் கன செ.மீட்டருக்கு 1.5 கிராம். ஆக, கட்டையில் பாதிக்கு மேல் வெறும் இடம். அது ஒழுங்காக நிரம்பினால் எடை 120 கிராமை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அல்லது நீர்மட்டத்தோடு தத்தளிக்கும். வந்த நான்கின் எடை 127, 94, 91, 89. கடைசி மூன்றும் ஜோராக மிதந்தன.

அறுத்துப் பார்த்தால் ஓரத்தில் 4 மி.மீ. தேன் நிறம், நடுவில் வெளுத்த மரம். ஓரத்தில் வைத்த தண்ணீர்ச் சொட்டு முத்தாக நின்றது. நடுவில் வைத்தது ஒரு நிமிடத்தில் காணாமல் போனது.

இப்படிப்பட்ட கட்டை, ஸ்டெபிலைஸே செய்யாததைவிட மோசம். இரண்டு பக்கப் பலகையாகப் பிளக்கும்போது ஒவ்வொன்றுக்கும் வெளிமுகம் ரெசின், கத்தி இரும்போடு ஒட்டும் உள்முகம் ரெசின் ஏறாத மரம். மழைக்காலத்தில் உள்முகம் மட்டும் ஈரம் குடித்து உப்பும். பலகை வளைந்து ஓரங்கள் இரும்பைவிட்டுத் தூக்கும். எபாக்ஸிப் பசை முதலில் விடுவதும் அந்த ஓரத்தில்தான். மேப்பிளின் ஈரப்பதம் 6-லிருந்து 12 சதவீதம் ஆனால், மரத்தின் ஆண்டு வளையத்துக்கு இணையான திசையில் 30 மி.மீ. அகலத்துக்கு அரை மி.மீட்டருக்கு மேல் விரியும். விரலுக்கே தட்டுப்படும்.

காரணம் பெரும்பாலும் அவசரம். சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் ரெசினுக்கு மரத்தை 105 டிகிரி அடுப்பில் ஒரு நாளாவது வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய வைக்க வேண்டும். காற்றுப் புகாத பையில் ஆறவிட்ட பிறகே ரெசினில் போட வேண்டும். சூடாகப் போட்டால் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். குமிழி அடங்கும்வரை வேக்குவம், அதாவது பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுவது. பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். வேக்குவம் ரெசினை உள்ளே இழுப்பதில்லை, காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். வேக்குவத்தைத் திறந்த பிறகு காற்றழுத்தம்தான் ரெசினை உள்ளே தள்ளுகிறது. அதனால் வேக்குவத்தில் வைத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது அப்படியே ஊற வேண்டும். ஊற விடாமல் எடுத்தால் மேலே சொன்ன 4 மி.மீ. தோல்தான் மிச்சம். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி 93 டிகிரி அடுப்பில் இறுக்க வேண்டும். கட்டையின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டைத் தொட வேண்டும். தேய்க்கும்போது காட்டமான வாடை வந்து தேய்க்கும் உப்புத்தாள் பெல்ட் பிசுபிசுத்தால் நடு இறுகவில்லை என்று பொருள். அதை மட்டும் மறுபடி அடுப்பில் வைத்துக் காப்பாற்றலாம்.

பாதி ஏறிய கட்டை ஏற்கெனவே கையில் இருந்தால் அதில் லின்சீட் எண்ணெய் பூசாதீர்கள். நடு எண்ணெயைக் குடித்து மஞ்சளாகும், ரெசின் ஓரம் குடிக்காது. வெளிர் மரத்தில் அந்தத் திட்டு பளிச்சென்று தெரியும். மெழுகு நீக்கிய வெள்ளை ஷெல்லாக்கை (அரக்கு வார்னிஷை) மெல்லிசாக இரண்டு கை பூசினால் நிறம் ஓரளவு ஒன்றுபடும். பலகையைக் கத்தியோடு பிணைக்கும் பித்தளை, இரும்புப் பின்களைத் தேய்த்த தூளைத் துணியால் துடைக்க வேண்டாம், மரத்துளையில் ஏறிக் கறுக்கும், காற்றடித்து ஊதுங்கள். பாலிஷ் சக்கரத்துக்கு வெள்ளைக் கட்டிதான், கறுப்பும் பச்சையும் கிட்டே வரக்கூடாது. பழைய மழுங்கிய பெல்ட்டை அழுத்தினால் மேப்பிள் நொடியில் கருகும். அந்தக் கறையை எடுக்க அரை மி.மீ. மரம் போய்விடும்.

வாங்கும் முன் விற்பவரிடம் காய்ந்த எடை, ரெசின் ஏறிய எடை இரண்டையும் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் குறித்து வைத்திருப்பார். கட்டை வந்ததும் தராசில் வைத்துப் படம் எடுங்கள், பிறகு தண்ணீர். ரம்பம் அதற்கு அப்புறம்.