ரீப்பரில் நான்கு வருடமாக மிடி தவில் செய்த அனுபவம்

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோயில். அங்கே பாடும் பஜனைக் குழுக்களுக்குப் பின்னணி இசை செய்து கொடுக்கிறேன். நான்கு வருடமாக ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருள்தான். அதில் தவிலை மிடியில் செய்கிறேன், அதாவது நிஜத் தவிலைப் பதிவு செய்யாமல் ஒவ்வொரு அடியையும் ஒரு நோட்டாக எழுதி வாசிக்க வைக்கிறேன். 60 நாள் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு 60 டாலர் உரிமம் வாங்கினேன். மென்பொருள் மேல் எனக்குக் குறையே இல்லை. வெலாசிட்டியை, அதாவது ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு பலமாக அடிக்கப்படுகிறது என்று சொல்லும் எண்ணை, கற்றுக்கொள்ளத்தான் இத்தனை காலம் பிடித்தது.

மவுஸால் வைத்த நோட்டுகள் எல்லாம் ஒரே அளவில் நிற்கும். கேட்டால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் முதல் வருடம் முழுக்க, எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, நோட்டுகளின் பலத்தையும் நேரத்தையும் தற்செயலாகக் கொஞ்சம் மாற்றும் ஹியூமனைஸ் வசதியைப் போட்டுவிடுவேன். எண்கள் ஏறி இறங்கும், மனித வாசிப்பு வந்துவிட்டது என்று நம்பினேன்.

உறுமி மேளக் குழுவில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் ஒரு நாள் ஹெட்போன் மாட்டி முழுப் பாட்டையும் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதுல வலக்கை எது, இடக்கை எது?" என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மேசையிலேயே தகதிமி தட்டிக் காட்டினார், நான் போனில் பதிவு செய்துகொண்டேன். அன்றிரவு அதை ரீப்பரில் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'த' ஓங்கி நின்றது. 'க' அதில் பாதிகூட இல்லை. 'தி' நடுத்தரம், 'மி' இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடியப்போகும் கடைசி நான்கு அடிகளில் அந்தச் சின்ன அடிகளும் படிப்படியாக ஏறி, சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து இறங்கின. சமத்துக்கு அடுத்த அடியில் கை தளர்ந்திருந்தது.

ஹியூமனைஸ் ஒவ்வொரு நோட்டையும் தனியாகக் குலுக்குகிறது. முந்தைய அடி எது, அடுத்து சமம் வருகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இப்போது நான் முதலில் தகதிமிக்கு 104, 72, 88, 66 என்று கையால் வடிவம் போடுகிறேன். ஆவர்த்தனக் கடைசியில் 74, 82, 91, 100, பிறகு சமத்துக்கு 112. அதற்கு மேல்தான் ஹியூமனைஸ், அதுவும் மூன்று நான்கு எண் அசைகிற அளவுக்கு. நேரத்தை இன்னும் குறைவாகவே அசைப்பேன். ரீப்பர் ஒரு பீட்டை இயல்பாக 960 சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது, ஒரு துண்டு ஒரு டிக். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் 10 டிக் என்பது சுமார் 7 மில்லி செகண்ட். அதைத் தாண்டினால் தாளம் தள்ளாடுகிறது.

இன்னொன்றும் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. வெலாசிட்டி 1 முதல் 127 வரை போனாலும், நோட்டுக்கு ஒலி கொடுக்கும் சாம்பிள் தொகுப்பில் (நிஜ வாத்தியத்தின் பதிவுகள்) அத்தனை ஒலிப்பதிவு இருக்காது. மூன்று நான்கு அடுக்குதான். என் தவிலில் 95-க்கும் 96-க்கும் நடுவே அடுக்கு மாறுகிறது. அந்த எல்லையில் குலுக்கினால் அடுத்தடுத்த அடிகள் இரண்டு வேறு தவில் மாதிரி கேட்கும். ஒரே நோட்டை 1-இலிருந்து 127 வரை ஏற்றி வாசித்துப் பாருங்கள், எங்கே நிறம் மாறுகிறது என்று காது சொல்லிவிடும். அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு அவற்றை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் இந்த உழைப்பு வீண். பல தொகுப்புகளில் வெலாசிட்டி நோட்டின் தொடக்கத்தை மட்டும்தான் மாற்றும்; ஏற்ற இறக்கம், நோட் ஒலிக்கும்போதே மாற்றக்கூடிய மாடுலேஷன் வீல், எக்ஸ்பிரஷன் என்ற கட்டுப்பாடுகளில் இருக்கிறது. நான் வாங்கிய முதல் குட்டிக் கீபோர்டு, கொஞ்சம் அழுத்தினாலே 127 அனுப்பிவிடும். எவ்வளவு அழுத்தினால் எந்த எண் போகும் என்று தீர்மானிக்கும் அதன் வெலாசிட்டி கர்வ்வை மாற்றிய பிறகுதான் விரலால் வாசித்துப் பதிவு செய்யவே முடிந்தது.

உறுமியை மட்டும் மிடியில் செய்வதை விட்டுவிட்டேன். குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஒரே ஒலிக்குள் அழுத்தம் கூடிக் குறைகிறது. நோட் தொடங்கும்போது கொடுக்கிற ஒற்றை எண்ணால் அதைச் சொல்ல முடியாது. அண்ணனின் குழுவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். காற்றாடியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, மைக் வைத்துப் பதிவு செய்கிறோம்.