பங்களாவா, வில்லாவா?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டினால் விளம்பரப் பலகைகளில் எல்லாம் 'வில்லா'தான். போட் கிளப் சாலைப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் பழைய தனி வீட்டை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அது பங்களா. ஆங்கிலத்துக்கு இரண்டுமே இரவல் சொற்கள்.

பங்களா நம் பக்கத்துச் சரக்கு. 'வங்காளத்தைச் சேர்ந்தது' என்று பொருள். அந்த ஊர் ஓலை வீட்டுக்கு ஒரே தளம், வராந்தா, மழை நீர் வழிந்தோட வளைந்து இறங்கும் கூரை. வெயில் தாங்காத கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சொல் ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது. 1870 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையிலும் பங்களாக்கள் எழுந்தன. இன்றும் அங்கே பங்களா என்றால் மாடி இல்லாத வீடு. படியேற முடியாத வயதானவர்கள் விரும்பி வாங்குவது. இங்கேயோ மாடி, போர்ட்டிகோ, கேட்டில் வாட்ச்மேன் இல்லாமல் பங்களாவா?

வில்லா லத்தீன். ரோமானியர்களின் பண்ணை வீடு. ஒலிவ எண்ணெய் ஆட்டும் இடம், திராட்சை ரசத் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அந்தப் பண்ணையாளைக் குறித்த சொல்தான் பின்னால் வில்லன் ஆனது! (சினிமாக்காரர்கள் கவனிக்க.)

அப்படிப் பார்த்தால், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு வில்லா என்பது கொஞ்சம் ஓவர். வராந்தா வைத்துத் தனி வீடு கட்டுகிறவர் தயங்காமல் பங்களா என்றே சொல்லிக்கொள்ளலாம், கூரை கான்கிரீட்டாக இருந்தாலும் சரி.