‘இலவச புரோஸ்டேட் முகாம்’ என்று ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி வருகிறவர்களை நம்பாதீர்கள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘இலவச புரோஸ்டேட் பரிசோதனை முகாம்’ என்று ஒரு கூட்டம் அறிவித்துக்கொண்டு திரிகிறது. ஐம்பது வயது தாண்டிய அப்பா, மாமா, தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். என் மாமனார் அந்தக் கூட்டத்திடம் 38,500 ரூபாவைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு சொட்டு மூத்திரம் போக முடியாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனபோதுகூட, மாதம் முழுக்க முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தாலும் ஒரு தொழிலாளிக்கு அவ்வளவு காசு கைக்கு வரவில்லை.

மாமா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. ராத்திரி நாலைந்து தடவை எழும்புவார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கக்கூஸ் வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படி எப்படி வழுக்கும் என்று தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். போனாலும் உடனே வராது, நின்று நின்று வரும், திரும்பி வந்து படுத்தால் இன்னும் மிச்சம் இருப்பது போல இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணி, புரோஸ்டேட் என்கிற ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி பெருத்திருக்கிறது, புற்றுநோய் இல்லை என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று டாம்சுலோசின், மற்றது ஃபினாஸ்டெரைட். அவற்றால் ஓரளவு சமாளித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்படியென்றால் ஏன் இந்த முகாமுக்குப் போனார்? இதைச் சொல்லாமல் விட்டால் பதிவில் அர்த்தமில்லை. கிளினிக் நாளில் விடியுமுன் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் டொக்டர் முன்னால் கிடைப்பது இரண்டு நிமிடம். டொக்டருக்குச் சிங்களம், மாமாவுக்குத் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க ஒரு அட்டெண்டன்ட். பக்கத்தில் ஒரு மிஸ் (தாதி) நிற்கிறார். அந்த இடத்தில் ‘மூத்திரம் உள்ளாடையில் சொட்டுகிறது’ என்று ஒரு வயசாளி எப்படிச் சொல்வார்? வீட்டிலும் மகளிடமோ மருமகனிடமோ வாய் திறக்க மாட்டார். ஆனால் முகாமில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ‘வாங்க ஐயா, உட்காருங்க’ என்று நல்ல தமிழில் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அரை மணித்தியாலம் கேட்டிருக்கிறார். அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் மாமா காசு கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வியாபாரிகள் பிழைப்பது நமது ஆஸ்பத்திரிகள் விட்டுவைத்திருக்கும் இந்த ஓட்டையில்தான்.

முகாம் நடந்தது டவுனில் ஒரு வாடகை மண்டபத்தில். நோட்டீஸில் ‘விரல் பரிசோதனை கிடையாது, இரத்தம் எடுப்பது கிடையாது, கத்தி கிடையாது’ என்று கொட்டை எழுத்து. ஆண்களுக்கு எது பயம், எது கூச்சம் என்று நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். பரிசோதனை என்பது இதுதான்: கையில் ஒரு உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்வது. அதிலிருந்து ஒரு வயர் லேப்டொப்புக்குப் போகிறது. ஒரு நிமிடத்தில் திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாக வரும். இதயம், கல்லீரல், சிறுநீரகம், புரோஸ்டேட் எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம். மாமாவுக்கு எல்லாமே சிவப்பு. அவரோடு போன பக்கத்து லயத்துக்காரருக்கும் எல்லாமே சிவப்பு!

உள்ளங்கையில் குழாய் பிடித்து புரோஸ்டேட்டை அளக்க எந்தக் கருவியாலும் முடியாது. அந்தச் சுரப்பி இருப்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி. அதனால்தான் பெருத்ததும் குழாயை நெரிக்கிறது. அதன் பருமன் தெரிய வேண்டுமானால் அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் பண்ண வேண்டும். முதலில் தண்ணீர் குடிக்க வைத்துப் பை நிறைந்த நிலையில் பார்ப்பார்கள், பிறகு போய்விட்டு வரச் சொல்லி, உள்ளே எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த இரண்டாவது அளவு ரொம்ப முக்கியம். பிறகு மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று ஒரு சோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தேவையென்றால் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பீஎஸ்ஏ இரத்தச் சோதனைகள். மலவாசல் வழியாக விரல் விட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, கட்டி தட்டுப்படுகிறதா என்று அதில்தான் தெரியும். பீஎஸ்ஏ கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். கிருமித் தொற்று வந்தாலும், மூத்திரம் அடைத்தாலும், மூத்திரம் இறக்க டியூப் போட்டாலும் அது கூடும்.

மாமாவிடம் அவர்கள் சொன்னது மூன்று விஷயம். இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் இது புற்றுநோயாக மாறும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுப்பார்கள், ஆண்மை போய்விடும். இங்கிலிஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது, இன்றைக்கே நிறுத்துங்கள். மூன்றும் பொய், ஆனால் மாமா நம்பி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். வயதோடு வருகிற இந்தப் பெருக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம், அதற்காகத்தான் சோதனைகள். இது அபூர்வமான நோயுமல்ல. ஐம்பதுகளில் இருக்கிற ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுரப்பியில் இந்தப் பெருக்கம் இருக்கும், எண்பதைத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கும் இருக்கும். எல்லோருக்கும் வைத்தியம் தேவைப்படுவதுமில்லை.

கொடுத்தது மூன்று மாதத்துக்கான கெப்சியூல் போத்தல்களும் ஒரு சூரணமும். லேபிளில் நெருஞ்சில், மாவிலங்கம், அதோடு ‘சா பால்மெட்டோ’ என்று ஏதோ ஒரு வெளிநாட்டுப் பனை. நெருஞ்சில் நம் ஆட்களுக்குப் பழகிய பெயர், அதனால் மாமாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பனையை அமெரிக்காவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் 225 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். 2011இல் 369 பேரை வைத்து, வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு வரை கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இருக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையில் என்னை யோசிக்க வைத்தது, முதல் சில வாரங்கள் மாமாவுக்கு நிஜமாகவே சுகமாக இருந்ததுதான். ராத்திரி எழும்புவது குறைந்தது. ‘பார்த்தீங்களா தம்பி’ என்று என்னிடமே சொன்னார். அயலில் இன்னும் இரண்டு பேர் அதைக் கேட்டுக் காசு கட்டினார்கள். பின்னால் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒரு இளம் டொக்டர் இருந்து விளக்கினார். ஃபினாஸ்டெரைட் சுரப்பியை மெதுவாகச் சுருக்கும் மருந்து. முழுப் பலன் தெரியவே ஆறு மாதம் வரை ஆகும், நிறுத்தினாலும் சுருங்கியது மறுபடி பெருக்க மாதக்கணக்கில் ஆகும். மாமா சில வாரம் வாழ்ந்தது அந்தப் பழைய மாத்திரையின் மிச்சத்தில். இன்னொன்று, முகாம்காரர் மருந்தோடு ஒரு பத்தியம் சொல்லியிருந்தார்: பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது, படுக்கும் நேரத்தில் தண்ணீரைக் குறையுங்கள். அது நல்ல புத்திதான். எந்த டொக்டரும் சொல்வது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை பிளேன்ட்டி குடித்துவிட்டுப் படுக்கிற மலைநாட்டு ஆளுக்கு அது ஒன்றே வித்தியாசம் காட்டும். ஆக, பலன் தந்தது இலவசமாகச் சொன்ன பத்தியம், பில் போட்டது கெப்சியூலுக்கு. அதோடு இந்த நோய் தானாகவே சில வாரம் கூடும், சில வாரம் குறையும். அந்த அமெரிக்கச் சோதனைகளில் வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் கொஞ்சம் சுகம் தெரிந்திருக்கிறது. அதனால் ‘எனக்குச் சுகமானது’ என்று ஒருவர் மனசாரச் சொன்னாலும் அதை மருந்துக்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள்.

அப்புறம் ஆடி மாத மழை. மாமாவுக்குத் தடிமன் பிடித்தது. கடையில் பிரிட்டோன் (Piriton) மாத்திரை வாங்கிப் போட்டார். நம்மில் யார்தான் போடுவதில்லை? ஆனால் புரோஸ்டேட் பெருத்தவர்களுக்கு அந்த மாதிரித் தடிமன் மாத்திரைகள் ஆபத்து. பிரிட்டோனில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பை சுருங்குவதைத் தளர்த்தும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் மூத்திரப்பையின் கழுத்தை இன்னும் இறுக்கும். மூத்திரம் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசினும் நின்றுபோயிருந்த ஆளுக்கு அது போதும். அன்று ராத்திரி ஒன்றுமே போகவில்லை. விடியும்போது அடிவயிறு கல்லுப்போல வீங்கி, வேதனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முகாம்காரரின் நம்பருக்கு என் மனைவி போன் பண்ணினார். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: ‘கழிவு இறங்குதும்மா, பயப்படாதீங்க. கெப்சியூலை ரெண்டு ரெண்டா குடுங்க, நல்லா தண்ணி குடிக்க வைங்க.’ வெளியேற வழியில்லாத பைக்குள் இன்னும் தண்ணீரை ஊற்றச் சொல்கிறார்! மூத்திரம் முழுதாக அடைத்துவிட்டால் அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டியூப் போட வேண்டும், தாமதித்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. 1990 காசில்லாத அம்புலன்ஸ், தோட்டப் பாதைக்குள் வர முடியாவிட்டால் பெரிய ரோட்டுக்காவது ஆளைக் கொண்டுவந்துவிட்டுக் கூப்பிடுங்கள். டியூப் போட்டதும் ஒரு லீட்டருக்கு மேல் இறங்கியது. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

பழைய மாத்திரைகளை மறுபடி தொடங்கி, டியூபை எடுத்துப் பார்த்தார்கள். போகவில்லை. மறுபடி டியூப் போட்டு, மூத்திரம் சேரும் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்டியில் ஒப்பரேஷனுக்குத் திகதி வரும்வரை மாமா அந்தப் பையோடுதான் இருந்தார். கோயில் திருவிழாவுக்கும் போகவில்லை. ஒப்பரேஷனைப் பற்றி அவர்கள் மூட்டிய பயம் எவ்வளவு வீண் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே எங்கும் வெட்டு இல்லை. இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டு, மூத்திரத் துவாரம் வழியாகவே கருவி விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்தார்கள். சில வாரம் இடைக்கிடை சிவப்பாகப் போனது, அது வழமை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆண்மை விஷயம்: விறைப்பு பெரும்பாலானவர்களுக்கு முன்போலவேதான் இருக்கும், விந்து பெரும்பாலும் வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போகும், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிள்ளை வேண்டும் என்று இருக்கிறவர்கள் மட்டும் இதை டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் வாங்கவில்லை.

டாம்சுலோசின் போடுகிறவர்கள் கவனிக்க: படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், கொஞ்சம் உட்கார்ந்து எழும்புங்கள். கண்ணில் வெள்ளை (கண்புரை) எடுக்கப் போனால் இந்த மாத்திரை போடுவதைக் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டோம். பில் என்று கொடுத்தது பெயரில்லாத ஒரு துண்டு, ‘மருந்து வகை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. மண்டபக்காரர் ‘நாங்கள் வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான்’ என்கிறார். ஆயுர்வேதத்தையோ சித்த வைத்தியத்தையோ நான் குறை சொல்லவில்லை. முறையாகப் பதிந்த ஆயுர்வேத வைத்தியரிடம் பதிவு இலக்கம் இருக்கும், கேட்டால் காட்டுவார். மேற்கத்திய வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கும். இந்த வெள்ளைக் கோட்டுக்காரரிடம் பக்கத்து லயத்துத் தம்பி இலக்கம் கேட்டபோது, ‘கொழும்பு ஒஃபிஸில் இருக்கிறது’ என்றாராம்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு செய்திருக்கிறோம். போத்தல்களையும் அந்தத் துண்டையும் நோட்டீஸையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். இதே கூட்டத்திடம் காசு கட்டியவர்கள் இருந்தால் போத்தலை வீசாதீர்கள், மிச்ச கெப்சியூலையும் கொட்டாதீர்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம், நீங்களும் 1977க்கு அடித்துச் சொல்லுங்கள். நோட்டீஸ் பச்சை நிறம், மேலே ஒரு வயசாளி சிரித்துக்கொண்டிருக்கும் படம். பண்டாரவளைப் பக்கமும் இப்போது கொடுக்கிறார்கள் என்று கேள்வி.