ரிங் ரோட்டு ஓரத் தோட்டம்: செடி சரி, குழிதான் தப்பு

மதுரை உத்தங்குடி – கப்பலூர் ரிங் ரோட்டில் மண்டபம், பங்க் வாசல்களுக்கு ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று சொல்லி ஒரு நர்சரி போட்டுத்தரும் சாலையோரத் தோட்டம் இது. செடித் தேர்வுக்கு முழு மார்க். முன்னால் செவ்வரளி, நடுநடுவே காகிதப்பூ, பின்வரிசையில் புங்கன். அரளி நச்சுச்செடி என்பதால் ஆடு, மாடு பொதுவாக வாய் வைக்காது. வண்டிப் புகையையும் சித்திரை வெயிலையும் தாங்கும். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் எதிர்வண்டி வெளிச்சத்தை மறைப்பதும் பெரும்பாலும் இதுதான். கவாத்து செய்த கிளைகளை எரிக்க மட்டும் கூடாது, புகையும் நஞ்சு. தமிழக அரசு 2025ல் தடை போட்ட கோனோகார்பஸ் மரத்தைத் தொடாமல் விட்டதும் நல்லது.

சொதப்பல் மண்ணுக்குள்ளே. ரோட்டோரத்தில் இருப்பது மண்ணே அல்ல. ரோடு போட்டபோது கொட்டிய கிராவலும் ஜல்லியும் சிமெண்டுக் கழிவும். அரளிக்குக் குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி வேண்டும், புங்கனுக்கு இரண்டடி. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 கலந்து நிரப்ப வேண்டும். இங்கே கடப்பாரையால் முக்கால் அடி கொத்தியதோடு சரி. காய்ந்த ஓர் அரளியை இழுத்தால் முரண்டே இல்லாமல் கையோடு வருகிறது: நர்சரியின் கறுப்புக் கவர் கிழிக்காமல் அப்படியே, உள்ளே வேர் கயிறு சுற்றியதுபோல்.

பாத்தியையும் ரோட்டு விளிம்பிலுள்ள கர்ப் கல்லுக்கு மேலே குவித்துவிட்டார்கள். மூன்று அங்குலம் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். இப்படி மேடாக இருந்தால் முதல் மழையிலேயே செம்மண் ரோட்டுக்கு வந்துவிடும். நட்டதோ பங்குனியில்! புரட்டாசிக் கடைசியில் நட்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையே வேர் பிடிக்க வைத்திருக்கும்.

சொட்டுநீர்க் குழாய் பரவாயில்லை. ஆனால் போர்த் தண்ணீரின் உப்பு சொட்டுவாயை அடைக்கும். மாதம் ஒருமுறை கடைசி மூடியைத் திறந்து கழுவிவிட வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓரத்தில் கொரியன் புல் வேறு. கோடையில் தினமும் தண்ணீர் குடிக்கும் புல்லுக்குப் ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று பெயர் வைக்க இவர்களுக்குத்தான் தைரியம்.

இந்தத் தோட்டத்தை எடுப்பதானால் கொட்டேஷனில் புல்லை அடித்துவிட்டு, அந்தக் காசுக்குச் செம்மண்ணும், மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு (ஈரம் காக்க மண்மேல் போடும் போர்வை) போட மக்கிய தென்னைநார்க் கழிவும் கேளுங்கள். குழி அளவையும், பட்டுப்போன செடிக்கு ஓராண்டு மாற்றுச்செடி என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். நட்ட அன்றே நாலு செடியைத் தோண்டிக் கவரைக் கிழித்தார்களா என்று பாருங்கள்.