ஒட்டி முளைத்த பால்பல்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

கோத்தகிரியில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு நான்கரை வயது. கீழ்வரிசையின் வலப்பக்கத்தில் அவளுக்கு ஒரு பல் மட்டும் அகலமாக, நடுவில் நெடுக ஒரு பள்ளத்துடன், இரண்டு பற்களைச் சேர்த்து ஒட்டியது போல முளைத்திருக்கிறது. உள்ளூரில் பார்த்த பல் மருத்துவர் இப்போதே எடுத்துவிடலாம் என்றார். மேட்டுப்பாளையத்தில் பார்த்த இன்னொருவர், பள்ளத்தை மட்டும் அடைத்துவிட்டுப் பல்லை அப்படியே விடலாம் என்றார். இரண்டு யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

எந்த யோசனையை எடுப்பதற்கு முன்பும் குழந்தையின் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பால்பற்கள் மொத்தம் 20; ஒரு வரிசைக்குப் பத்து. ஒட்டிய பல்லை ஒன்றாகக் கணக்கிட்டு எண்ணும்போது வரிசையில் ஒன்பது வந்தால், தாயின் வயிற்றிலேயே இரண்டு பல் முளைகள் ஒன்றாக இணைந்துவிட்டன என்று பெரும்பாலும் சொல்லலாம். பத்து வந்தால், ஒரே முளை இரண்டாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றிருக்கக்கூடும். வரிசையில் உபரியாக வந்த ஒரு பல்லுடன் பக்கத்துப் பல் இணைந்திருந்தாலும் எண்ணிக்கை பத்தாகவே வரும் என்பதால், இந்தக் கணக்கு முழு உறுதி தராது. ஆயினும் எண்ணுவது வீண் வேலை ஆகாது. இணைந்த பல் இரண்டு பற்களுக்குரிய இடத்தைவிடச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்வதால் அங்கே இடைவெளி விழலாம். பாதி பிரிந்த பல் தனக்குரிய இடத்தைவிட அதிகம் பிடித்து அடுத்த பல்லை நெருக்கலாம். அதைவிட முக்கியமாக, இரண்டு பால்பற்கள் இணைந்த இடத்தில் பின்னால் வர வேண்டிய நிரந்தரப் பற்களில் ஒன்று உருவாகாமலே போவதுண்டு. எங்கள் குழந்தைக்கு எண்ணிக்கை ஒன்பது. பக்க வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் ஒன்றாகியிருந்தன.

பிடுங்குவதன் கவர்ச்சி என்ன என்பது மலையில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, வளைவு வளைவாக இறங்கும் பேருந்தில் குழந்தை வாந்தி எடுக்காமல் கீழே போய்ச் சேர்ந்து, ஒரே அமர்வில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் நிற்பது பல ஆண்டுக் கணக்கு. கீழ்த்தாடையில் நிரந்தரப் பக்க வெட்டுப்பல் ஏறத்தாழ 7 முதல் 8 வயதிலும், கோரைப்பல் 9 முதல் 10 வயதிலும்தான் வரும். நான்கரை வயதில் கோரைப்பல்லின் இடத்தைக் காலி செய்தால், முன்பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாயும். கீழ்வரிசையின் நடுக்கோடே ஒரு பக்கமாக நகர்ந்துவிடலாம். இடத்தைத் தக்கவைக்கக் கம்பி போட்டுக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். நாக்குப் பக்கமாக வளைத்துப் பொருத்தும் கம்பியை நிரந்தரக் கீழ் வெட்டுப்பற்கள் முளைத்த பிறகு போடுவதே வழக்கம். முன்னதாகப் போட்டால், உட்புறமாக முளைத்து வரும் அந்தப் பற்களுக்கே அது தடையாகும். கழற்றி மாட்டும் தகட்டை நான்கரை வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் அது ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பாவோடு காணாமல் போகும் என்பது என் கணிப்பு.

பல்லை நடுவில் அறுத்து இரண்டாக்குவது என்று மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. இரண்டு பாதிகளுக்கும் உள்ளே நரம்புக்குழி பொதுவாக இருந்தால், அறுக்கும்போது நரம்பு வெளிப்பட்டு, நரம்பை எடுத்து உள்ளே அடைக்கும் ரூட் கெனாலில் போய் முடியும். விழப்போகும் பால்பல்லுக்கு அது தேவையற்றது.

விட்டுவைப்பது சும்மா இருப்பது என்று பொருள்படாது. ஒட்டிய இடத்தின் பள்ளம் பிரஷ்ஷின் நாருக்கு எட்டாத அளவு குறுகலாக இருக்கும்; அதில்தான் சொத்தை தொடங்கும். ஊட்டி வர்க்கியைச் சர்க்கரை போட்ட தேநீரில் தோய்த்துச் சாப்பிடும் எங்கள் வீட்டுப் பழக்கத்தை நினைத்தபோது, அந்த மாவும் சர்க்கரையும் எங்கே போய் உட்காரும் என்பது உடனே புரிந்தது. ஆகவே பள்ளத்தை அடைப்பது இந்த வழியின் பிரிக்க முடியாத பகுதி. எதனால் அடைப்பது என்பதிலும் போட்டி இருக்கிறது. பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் நன்றாகப் பிடித்து நெடுநாள் உழைக்கும்; ஆனால் அதைப் பூசும்போது பல்லில் எச்சில் படவே கூடாது, குழந்தை வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்க வேண்டும். கிளாஸ் அயனோமர் சிமெண்ட் ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடும். விரைவில் தேய்வதும் பெயர்வதும் அதன் குறை. நாற்காலியைக் கண்டதும் நெளியும் குழந்தைக்கு, மீண்டும் அடைக்க நேர்ந்தாலும் சிமெண்ட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றியது. இதனுடன் சில மாதங்களுக்கு ஒருமுறை பல்லின்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், தினமும் இருவேளை பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை. இந்த வழியின் உண்மையான விலை, திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போக வேண்டியிருப்பதுதான்.

பிடுங்குவதே சரியாகும் சூழல்களும் இருக்கின்றன. பள்ளத்தில் தொடங்கிய சொத்தை நரம்புவரை இறங்கிச் சீழ் வைத்து, பல்லைக் காப்பாற்ற முடியாமல் போனால் எடுத்தே ஆக வேண்டும். ஒட்டிய பல்லின் வேர் பெரியதாக இருப்பதால் கரைவதற்குத் தாமதமாகி, கீழிருந்து வரும் நிரந்தரப் பல் வழி கிடைக்காமல் வேறு பக்கமாக எட்டிப் பார்த்தாலும் எடுக்கலாம். ஆனால் அது ஏழு வயதையொட்டி எழக்கூடிய கேள்வி.

பிறக்கும்போதே பல்லோடு வரும் குழந்தையின் கதை இதற்கு நேர்மாறு. அந்தப் பல் ஆடிக்கொண்டிருந்து கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் இருந்தால், அங்கே பிடுங்குவதுதான் வெல்லும்; அதையும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமின் குழந்தைக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே செய்வார்கள். மாமனுக்கு ஆகாது என்று கெட்டியாக இருக்கும் பல்லையும் பிடுங்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அப்படி வரும் பல் பெரும்பாலும் அந்த இருபது பால்பற்களில் ஒன்றுதான், உபரியாக வந்தது இல்லை. எடுத்தால் அந்த இடம் நிரந்தரப் பல் வரும்வரை பொக்கையாகவே இருக்கும்.

எங்கள் வழக்கை முடித்துவைத்தது ஒரு சிறிய எக்ஸ்ரே. கீழ் முன்பற்களின் நிரந்தர முளைகள் நான்கு வயதுவாக்கில் படத்தில் தெரியும் என்பதால் அதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை. கோரைப்பல்லின் முளை படத்தில் தெளிவாக இருந்தது. பக்க வெட்டுப்பல்லின் முளை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு மட்டுமே தெரிந்தது. பிறகு அந்த இடத்தை மூடுவதா, செயற்கைப் பல்லுக்காக வைத்திருப்பதா என்பதைப் பற்சீரமைப்பு மருத்துவர் பின்னாளில் தீர்மானிக்கும்வரை, இந்த அகலப் பல்தான் அதற்குக் காவல். சிமெண்ட் அடைத்தோம். ஆடி மழையில் ஒரு மூலை பெயர்ந்து, மறுபடி இறங்கிப் போய் அடைத்துக்கொண்டு வந்தோம். அடுத்த முறை தை மாதம்.