பால் கடைவாய்ப் பல்லில் சொத்தை: அடைப்பதா, ஸ்டீல் கேப் போடுவதா?

"விழப்போகிற பல்தானே" என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இன்னும் பலர் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பால் கடைவாய்ப் பற்கள் விழுவது 9 முதல் 12 வயதுக்குள். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து, நிலைப்பல்லுக்கான இடத்தைப் பறித்துவிடும்.

செலவு: அடைப்பது மலிவு. கேப்புக்குக் (பல்லை முழுவதும் மூடும் எஃகு உறை) கூடுதல், ஆனால் அடைத்தது பெயர்ந்தால் மறுபடியும் பணம், மறுபடியும் அழுகை.

நீடித்து உழைப்பது: இரு பற்களுக்கு நடுவிலான சொத்தையில் அடைப்பு எளிதில் உடையும். கேப் பெரும்பாலும் பல் விழும்வரை நிற்கும்.

சிரமம்: அடைக்கப் பெரும்பாலும் குடைய வேண்டும். 'ஹால்' முறையில் ஊசியோ குடைதலோ இல்லாமல் கேப் பொருத்தலாம். உள்ளே மூடப்பட்ட கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை அடங்கும். சில நாள் முதல் சில வாரம் வரை கடிக்கும்போது கேப் உயரமாகத் தெரியும், பிறகு சரியாகிவிடும். இரவில் தானாக வலித்தாலோ ஈறில் சீழ் இருந்தாலோ இம்முறை கூடாது.

நிறம்: அடைப்பு பல்லோடு ஒத்துப்போகும், கேப் வெள்ளியாகத் தெரியும்.

மேற்பரப்பில் சிறு குழியென்றால் அடையுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பக்கவாட்டில் பரவியிருந்தால், நிறத்தைப் பார்க்காமல் கேப்பையே தேர்ந்தெடுங்கள். எதுவானாலும், சர்க்கரை வரட்டியை (வெல்லப்பாகு பூசிய வாழைக்காய் வறுவல்) நாள் முழுக்கக் கொறிக்கக் கொடுக்காதீர்கள்.