நின்றுகிடந்த காரை வாங்கி எட்டு மாதச் சேமிப்பை இழந்தேன்

ஐந்து ஆண்டுகள் ஓடாமல் நின்ற கார் ஒன்றைப் பழைய வாகனங்களை விற்றுத்தரும் ஓர் இணையதளத்தின் வழியாக வாங்கி, எட்டு மாதச் சேமிப்பைத் தொலைத்துவிட்டேன். மெக்கானிக் என்ஜினைப் பிரித்துக் காட்டியது நேற்று மாலைதான். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தளமே அனுப்பிய பரிசோதகர், என் கண்ணெதிரே ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, “பாருங்க சார், தேன் மாதிரி இருக்கு, இந்த என்ஜின்ல கை வைக்கவே வேண்டாம்” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் பணத்தைக் கட்டினேன். புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்பதைத் தவிர அந்த நிறம் வேறெதையும் சொல்லாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோதே பானெட் வெதுவெதுப்பாக இருந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. ஆனால் குளிர்ந்த நிலையில் திணறும் என்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை நீலப் புகை கிளம்பியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவைப் பார்த்தபோது, மூன்று சிலிண்டர்கள் 150 பி.எஸ்.ஐ.யை (அழுத்த அலகு) ஒட்டிக் காட்ட, நான்காவது 60-ஐத் தாண்டவில்லை. அதில் சிறிது ஆயில் விட்டதும் அளவு ஏறியதால், கோளாறு வால்வில் அல்ல, பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையமான ரிங்கில்தான் என்று மெக்கானிக் சொன்னார். பிரித்தபோது ரிங்குகள் பிஸ்டனின் காடியிலேயே இறுகிக் கிடந்தன. சிலிண்டர் சுவரில் துருப் பள்ளங்களும், துருவோடு உலர்ந்த நிலையில் செல்ஃப் அடித்துச் சுற்றியதால் விழுந்த நெடுங்கீறல்களும் நகத்தில் தட்டுப்பட்டன.

‘என்ஜின்: நன்று’ என்று அறிக்கை கொடுத்தவர்கள், முதல் அழைப்பில் அது கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே பொருந்தும் என்றார்கள், அடுத்த அழைப்பில் விற்றவரிடம் பேசச் சொன்னார்கள், அதற்கடுத்து, என் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. எட்டு மாதச் சேமிப்பு போனது, தீர்ந்தது என்னவென்று கேட்டால் பதில் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். நெடுநாள் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்ய விடாமல், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு ஊறவைத்து, கிராங்க் புல்லி (என்ஜினின் சுழல்தண்டு முனையிலுள்ள சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் அளவுகளை எழுத்தில் கேளுங்கள். பழைய பெட்ரோலை வடித்தார்களா, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு எத்தனை வயது என்றும் கேளுங்கள். பானெட் சூடாக இருந்தால் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். காத்திருக்க விடவில்லை என்றால் பணத்தை எடுக்காமல் திரும்பிவிடுங்கள்.